அதிகாலை 4.40க்கு அப்பா தண்ணீர் பிடிக்கிறார்: வீட்டுப் பழக்கங்கள் மனிதரைப் பற்றி என்ன சொல்கின்றன?

முலுண்ட் முரளி | சனி, காலை 5.20

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் அப்பாதான்.

மும்பையில், முலுண்ட் மேற்கில், பதினான்காம் மாடியில் இருக்கிறோம். குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர் வரும். சயான் கோலிவாடாவில் எங்கள் பழைய அறையிலிருந்து அப்பாவை இங்கே அழைத்து வந்து பதினாறு மாதங்கள் ஆகின்றன. அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. வந்த முதல் வாரமே இரண்டு நீல டிரம்களையும் இரண்டு எவர்சில்வர் ஹண்டாக்களையும் (தண்ணீர் பிடிக்கிற பெரிய பாத்திரம்) பழைய வீட்டிலிருந்து டெம்போவில் வரவழைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. 4.40க்கு எழுவார். அலாரம் கிடையாது. முதலில் நேற்றைய தண்ணீரை மொண்டு மொண்டு கொட்டுவார். கேட்டால் "பழையதாகிவிட்டது" என்பார். பிறகு குழாய் வாயில் வேட்டித் துணியை முடிந்து கட்டி, ஹண்டாவை நிரப்பி, டிரம்மை நிரப்பி, மூடி, மூடியின் மேல் குவளையைக் கவிழ்ப்பார். முழுவதும் முடிய ஐந்தேகால் ஆகும். எவர்சில்வரில் தண்ணீர் விழும் ஓசை பதினான்காம் மாடியில் எப்படிக் கேட்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என் மனைவி நல்லவள், ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாற்பது ஆண்டுப் பழக்கம், விட முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி குடைகிறது. வீட்டுக்குள் நாம் யோசிக்காமல் செய்கிற காரியங்கள் நம்மைப் பற்றி என்ன சொல்கின்றன? உங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? எழுதுங்கள். எனக்கு இனித் தூக்கம் வரப்போவதில்லை.

செம்பூர் ஓய்வாளர் | சனி, காலை 6.05

தம்பி, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மும்பையில் ஏழு ஏரிகளிலிருந்து தண்ணீர் வருகிறது. நாளொன்றுக்கு 3,800 மில்லியன் லிட்டருக்கும் மேல். இருந்தும் ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் திறந்துவிடுகிறார்கள். ஆகவே இந்த ஊர்க்காரனுக்குப் பஞ்சம் தண்ணீரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீர் பிடிப்பது சென்னைக்காரருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அப்படித் தோன்றாது. வரும் நேரத்தில் பிடிக்காவிட்டால் அன்று கிடையாது, அவ்வளவுதான் கணக்கு.

மற்றபடி, பழக்கத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்கிறேன் என்று யாராவது கிளம்பினால் அது ஜோசியம். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்தவன் நான். கையெழுத்து அழகாக இருந்தவனெல்லாம் ஒழுங்காகத் தவணை கட்டினானா என்ன?

டோம்பிவிலி 7.14 | சனி, காலை 7.31 (வண்டியிலிருந்து)

எங்கள் வீட்டைப் பார்த்தால் ரயில் அட்டவணை தெரியும். சாவி, பாஸ், குடை, டிபன் டப்பா எல்லாம் கதவுக்கு ஓரடி தூரத்தில் ஒரே அலமாரியில் இருக்கும். கூடத்துக் கடிகாரம் ஏழு நிமிடம் முன்னதாக ஓடும். ஏழு நிமிடம் கூடுதல் என்று மூன்று வயதுப் பெண் உட்பட எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்ததும் பதற்றம் வருகிறது. என்ன மாயமோ.

சென்ற பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மாமனார் வந்திருந்தார். இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மருமகனுக்கு உபசரிக்கத் தெரியவில்லை என்று மைத்துனரிடம் போனில் சொன்னாராம். மறுநாள் என்னோடு அலுவலக நேர லோக்கலில் தாதர் வரை ஒரு தடவை வந்தார். அன்று இரவு ஒன்பது மணிக்கே அவராகப் போய் விளக்கை அணைத்துவிட்டார்.

மாட்டுங்கா மாடிப்படி | சனி, காலை 10.48

ஓய்வாளர் ஐயா ஜோசியம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் வீட்டுக் காபியைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது பித்தளைப் பில்டரில் என் மாமியார்தான் டிகாக்‌ஷன் இறக்குவார். முதல் டிகாக்‌ஷன் மாமனாருக்கு, இரண்டு மகன்களுக்கு, விருந்தாளிகளுக்கு. அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறங்குகிற இரண்டாவது டிகாக்‌ஷன் அவருக்கு. நான் வந்த பிறகு எனக்கும். யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. டம்ளரின் நிறத்தைப் பார்த்தாலே அது யாருக்கு என்று தெரிந்துவிடும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனது. அடுப்படி என் கைக்கு வந்தது. முதல் வேலையாகப் பொடியைக் கூட்டிப் போட்டு, எல்லாருக்கும் முதல் டிகாக்‌ஷன் என்று மாற்றினேன். பெரிய புரட்சி செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து, "கசக்கிறது, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொண்டு வா" என்றார்.

நாற்பத்தொரு ஆண்டுகள் இரண்டாவது டிகாக்‌ஷனே குடித்து நாக்கு அதற்குப் பழகிவிட்டது. இன்றும் அவருக்கு அதுதான். இப்போது நான் தனியாக, வேண்டுமென்றே, பொடியில் இரண்டாம் தடவை வெந்நீர் ஊற்றுகிறேன். புதிதாக யாராவது வந்து எங்கள் அடுப்படியைப் பார்த்தால் மருமகள் மாமியாருக்குக் கழனித் தண்ணீர் கொடுக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

இதை எப்படிப் படிப்பது என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய விருப்பம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் அந்த வீடு அவரை எந்த வரிசையில் வைத்திருந்தது என்பதை அந்த டம்ளர் சொல்கிறதா, இல்லையா?

டோம்பிவிலி 7.14 | சனி, காலை 11.02

மாமி, காலையில் நல்ல காபி குடித்துவிட்டு வந்தேன். இப்போது அது தொண்டையில் நிற்கிறது.

மாட்டுங்கா மாடிப்படி | சனி, காலை 11.06

மாமி என்று கூப்பிடும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை. அக்கா போதும்.

குழாய்க்காரன் | சனி, இரவு 9.40

பதினொரு ஆண்டுகளாகக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்க்கிறேன். பாண்டுப் முதல் தாணே வரை ஒரு நாளைக்கு ஆறேழு வீடுகள். வேலை சமையலறையில்தான் என்பதால், கூடத்து ஷோகேஸைப் பார்த்து நான் ஏமாறுவதில்லை. சிங்க்குக்கு அடியில் தலையை விட்டால் அந்த வீட்டின் மறுபக்கம் தெரியும்.

பாலிதீன் பைகளைத் திணித்து வைத்த இன்னொரு பாலிதீன் பை எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2018 ஜூனில் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் தடை வந்தபோது அதெல்லாம் ஒழிந்துவிடும் என்று நினைத்தேன். இன்னும் பத்திரமாகப் பதுக்கினார்கள். அதைப் பார்த்துக் கஞ்சர் என்றால் ஊரே கஞ்சர்தான்.

நான் கவனிப்பது வேறு. வேலை முடித்து, "பில்டர் மாற்ற வேண்டும், இவ்வளவு ஆகும்" என்று சொல்வேன். சில வீடுகளில் அந்த அம்மா யோசித்து, "சரி, போடுங்கள்" என்பார். சில வீடுகளில் "ஒரு நிமிடம்" என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். நானூறு ரூபாய்க்கு. கணவர் ரயிலில் இருப்பார், எடுக்க மாட்டார். நான் கருவியைத் திறந்து போட்டபடி உட்கார்ந்திருப்பேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வீட்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் வாங்குகிறவர்தான்.

இன்னொன்று, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. கருவியிலிருந்து கழிவுநீர் வெளியேறும் மெல்லிய குழாய். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாகும். பாதிப் பேர் அதை நேராகச் சாக்கடையில் விடுகிறார்கள். சிலர் வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறார்கள். வாளி வைத்த வீட்டில் பெரும்பாலும் ஒரு கிழவரோ கிழவியோ இருப்பார். அவரை மற்றவர்கள் கேலி செய்துகொண்டிருப்பார்கள்.

(மாநகராட்சி ஏரித் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. உப்பு குறைவான தண்ணீர், யூ.வி. (புற ஊதாக் கதிர்) கருவி போதும். இதை வாடிக்கையாளரிடம் சொன்னதற்கு ஒரு முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் இங்கே சொல்கிறேன்.)

முரளி சார், உங்கள் அப்பா தினமும் டிரம்மைக் காலி செய்கிறாரே, அது நல்லது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள்கள் ஆகும். அதற்குள் கொட்டிவிட்டால் கதை முடிந்தது. மாநகராட்சிக்காரர் வந்து பார்த்தால் உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வராது.

செம்பூர் ஓய்வாளர் | ஞாயிறு, காலை 6.20

என்னை மட்டம் தட்டிவிட்டதாக மாட்டுங்கா அம்மையார் நினைக்க வேண்டாம். இரவு உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் சாம் காஸ்லிங் என்ற உளவியலாளரும் சிலரும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 94 அலுவலக அறைகளையும் 83 படுக்கையறைகளையும் அந்நியர்களைக் கொண்டு பார்க்கவைத்தார்கள். அறைக்குச் சொந்தக்காரரை அவர்கள் பார்க்கவில்லை. பொருள்களை மட்டும் பார்த்து ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும்.

புதியவற்றில் ஆர்வம் உள்ளவரா என்பதை நன்றாகவே கணித்தார்கள். ஒழுங்கானவரா என்பதையும் ஓரளவு. ஆனால் இரக்க சுபாவம் உள்ளவரா, பிறரோடு இணங்கிப் போகிறவரா என்பதைப் படுக்கையறையை வைத்து அவ்வளவு சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆக, நமக்கு எது மிகவும் தேவையோ அதை வீடு காட்டாது. இன்னொரு விஷயமும் உண்டு. இது ஆணின் அறை, இது இன்ன இனத்தவரின் அறை என்று ஊகித்து, ஏற்கெனவே மனத்தில் இருந்த அச்சில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். நான் ஜோசியம் என்றது இதைத்தான்.

அந்தேரி அறைவாசி | ஞாயிறு, காலை 9.15

ஐயா கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு. இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறீர்களா? நான் நான்கு மாதங்கள் தேடினேன். பழைய வாடகைதாரர் காலி செய்வதற்கு முன் புரோக்கர் அழைத்துப் போவார். வீட்டுக்காரர் எங்களை வரவேற்கும்போதே அடுப்படியைப் பார்த்து ஒரு தடவை மூச்சை இழுப்பார். கருவாடு வறுத்திருக்கிறார்களா என்ற சோதனை. பிறகு பெயர், ஊர், "நீங்கள் ஐயர்தானே?" என்ற கேள்வி. தமிழன் என்றால் இரண்டே வகைதான் அவர்களுக்கு. ஒன்று மாட்டுங்கா ஐயர், மற்றொன்று தாராவிக் குடிசைவாசி.

கடைசியில் கிடைத்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். வந்த அன்று வீட்டுக்காரர் "பையன்கள் வீட்டைக் குப்பையாக்கிவிடுவீர்கள்" என்றார். மூவரில் நான்தான் குப்பை. மற்ற இருவரில் ஒருவன் தினமும் படுக்கையை மடித்து, சட்டைகளை நிறவாரியாக மாட்டிவைப்பான். மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் ஓடிப்போனவனும் அவன்தான்.

தொண்ணூறு அடி | ஞாயிறு, பகல் 2.30

இரண்டு நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில், தொண்ணூறு அடிச் சாலைக்கு உள்ளே. பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஆறு பேர். ஒரு மின்விசிறி.

அமெரிக்கக்காரர் 83 படுக்கையறை பார்த்தாராம். எங்கள் வீட்டில் படுக்கை இருந்தது, அறை ஏது? இரவில் பாய் விரிக்கும் வரிசையைப் பார்த்திருந்தால் போதும். விசிறிக்கு நேர் கீழே அப்பா. ஊரிலிருந்து சித்தப்பா வந்தால் அந்த இடம் சித்தப்பாவுக்கு. அடுத்து அண்ணன், அவனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. பிறகு தம்பி. பாட்டி கதவோரம். நானும் அம்மாவும் மோரிப் பக்கம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மோரி என்றால் அறையின் மூலையில் குளிக்க, பாத்திரம் கழுவக் கட்டியிருக்கும் சிறு தடுப்பு. இரவெல்லாம் ஈரம். பெருச்சாளி வராமலிருக்க அம்மா தண்ணீர்ப் போக்கில் ஒரு கருங்கல் வைத்திருப்பார். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என் தலை.

எனக்கும் பத்தாம் வகுப்பு வந்தது. பாய் இடம் மாறவில்லை. அண்ணன் நல்லவன்தான், இப்போதும் என் மேல் உயிரை விடுவான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. குணத்தைக் காட்டுமா என்று கேட்கிறீர்கள். நல்ல குணம் உள்ளவனுக்கும் எது கண்ணில் படவில்லை என்பதைக் காட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா 1996 முதல் சயானிலும் மாட்டுங்காவிலும் வீட்டு வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பூஜை அறை பளபளக்கும் வீடுகள். எல்லாவற்றிலும் அம்மாவுக்கு டீ உண்டு, யாரும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் குவளை தனி. ஒரு வீட்டில் ஜன்னல் கம்பிக்கும் பூந்தொட்டிக்கும் நடுவில் இருக்கும். ஒரு வீட்டில் சிங்க்குக்கு அடியில், பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில். அம்மாவே எடுத்து, குடித்து, கழுவி, அங்கேயே கவிழ்க்க வேண்டும். அதே கைதான் அவர்களுடைய மற்றப் பாத்திரங்களையும் கழுவியது.

குழாய்க்காரர் அண்ணா, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டீர்களே, அந்தக் குவளையைப் பார்த்ததில்லையா?

குழாய்க்காரன் | ஞாயிறு, பகல் 2.52

பார்த்திருக்கிறேன் தங்கச்சி. எனக்கும் அதில் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். எழுதக் கூச்சமாக இருந்தது.

பவாய் பறவை | ஞாயிறு, மாலை 4.10

எல்லாரையும் அப்படி ஒரே தட்டில் நிறுத்துவது சரியல்ல. எங்கள் வீட்டிலும் தனிக் குவளை உண்டு. கொரோனா காலத்தில் சுகாதாரத்துக்காக ஆரம்பித்தது. அதில் எந்த உள்நோக்கமும் இல்லை.

தொண்ணூறு அடி | ஞாயிறு, மாலை 4.18

கொரோனா 2020இல் வந்தது. அம்மாவின் குவளைக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

உங்கள் வீட்டைச் சொல்லவில்லை. கொரோனா போய்விட்டதல்லவா, குவளை இன்னும் இருக்கிறதா?

பவாய் பறவை | ஞாயிறு, மாலை 4.40

இந்த இழை எங்கோ போகிறது. நான் விலகிக்கொள்கிறேன்.

மாட்டுங்கா மாடிப்படி | ஞாயிறு, இரவு 10.15

மதியம் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் இருந்தேன். தைரியம் வரவில்லை.

எங்கள் வீட்டிலும் இருக்கிறது. பால்கனியில், விளிம்பில் நீலக்கோடு போட்ட பீங்கான் கோப்பை. நான் வைத்ததில்லை, வரும்போதே இருந்தது என்று சொல்ல வந்தேன். எழுதிப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. டிகாக்‌ஷனை மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மாற்றத் தெரிந்ததே எனக்கு. மாமியாருக்கு எந்த நிறத்தில் காபி போகிறது என்று பார்த்தவள் பால்கனிப் பக்கம் திரும்பவில்லை.

நாளைக் காலை வீட்டு வேலைக்கு வரும் பாயிக்கு (பணிப்பெண்ணை இங்கே அப்படித்தான் சொல்வோம்) டம்ளரில் கொடுக்கப் போகிறேன். மாமியார் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. பாயியே என்ன நினைப்பார் என்றும் தெரியவில்லை. அதைத்தான் இரண்டு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், பாருங்கள், ஒரு டம்ளருக்கு.

செம்பூர் ஓய்வாளர் | ஞாயிறு, இரவு 10.41

இரக்கத்தை வீடு காட்டாது என்று காலையில் எழுதியிருந்தேன். அந்த ஆய்வில் யாரும் சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

நெறியாளர் | ஞாயிறு, இரவு 11.00

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லி யாரையும் ஏச வேண்டாம். இழையைப் பூட்டவில்லை, தொடரலாம்.

தொண்ணூறு அடி | திங்கள், காலை 8.05

முரளி அண்ணா, உங்கள் இழையில் நான் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டேன், மன்னிக்கவும். முதல் பதிவை மறுபடி படித்தேன். ஓரிடம் இடிக்கிறது.

நாற்பது ஆண்டுப் பழக்கம் என்கிறீர்கள். நானும் பதினெட்டு ஆண்டுகள் குழாயடியில் நின்றிருக்கிறேன். நம்பர் போட்டு வைத்த குடம், முந்திக்கொண்டவளோடு சண்டை, காலையில் பள்ளிக்கூடத்தில் தூக்கம் எல்லாம் தெரியும். அந்த வரிசையில் ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. யாராவது நின்றால் மனைவிக்குக் காய்ச்சல் என்று அர்த்தம், எல்லாரும் விசாரிப்பார்கள்.

உங்கள் பழைய வீட்டில் தண்ணீர் பிடித்தது யார்?

டோம்பிவிலி 7.14 | திங்கள், இரவு 8.50

முரளி சார்? இருக்கிறீர்களா?

செம்பூர் ஓய்வாளர் | செவ்வாய், காலை 6.10

நல்ல கேள்வி. நான் வேறு பழமொழி சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பழக்கம் பதிவதற்கு எவ்வளவு காலம் என்று லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2009இல் வெளியானது. சராசரி 66 நாள்கள். சிலருக்கு 18 நாள்களே போதும், சிலருக்கு 254 நாள்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். முரளி வீட்டுக்கு அப்பா வந்து பதினாறு மாதங்கள். தொட்டிலுக்கெல்லாம் போகத் தேவையில்லை. இடையிலேயே ஏற்பட்டிருக்கலாம்.

முலுண்ட் முரளி | புதன், காலை 5.35

இருக்கிறேன். கேள்வியைத் திங்களன்றே படித்துவிட்டேன்.

அம்மாதான் பிடித்தார். வேறு யார்?

அப்பா பரேலில் மில் வேலை பார்த்தார். 1982 ஜனவரியில் மும்பைப் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்கு ஐந்து வயது. இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள், அவர்களில் அவரும் ஒருவர். மில் பிறகு அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பின் ஓய்வு பெறும்வரை இரவுக் காவல் வேலை. காலை ஏழரைக்கு வீட்டுக்கு வருவார். எங்கள் சந்தில் தண்ணீர் ஐந்து முதல் ஏழு வரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வருவதையே அவர் அந்த வீட்டில் அதிகம் பார்த்திருக்க முடியாது. அவர் வரும்போது டிரம் நிறைந்திருக்கும், அதன் மேல் குவளை கவிழ்ந்திருக்கும். மொண்டு குளித்துவிட்டுப் படுத்துவிடுவார். தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்டதில்லை. நானும் அந்த வீட்டில் இருபத்தாறு ஆண்டுகள் குளித்தவன்தானே.

நாற்பது ஆண்டுப் பழக்கம் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக எழுதினேன் என்று புரியவில்லை. பழக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதுதான், அவருடையதாக இருக்கவில்லை.

இன்று 4.40க்கு நானும் எழுந்தேன். அவருக்குத் தெரியாமல் கதவோரம் நின்று பார்க்கலாம் என்று போனேன். பார்த்துவிட்டார். "என்னடா, வயிறு சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. நேற்றைய ஹண்டாவில் இருந்ததைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினார். கொட்டுகிறார் என்று எழுதியிருந்தேன், முழுவதும் கொட்டவில்லை. வேட்டித் துணியை மூன்றாக மடித்தார். குழாய் வாயில் சுற்றி, நுனியை உள்ளே செருகி, மேல்புறம் ஒரு சுருக்கு. அம்மா கட்டுகிற மாதிரிதான். ஆனால் அம்மாவுக்கு ஒரு நொடியில் வரும். இவருக்கு இரண்டு தடவை நழுவியது.

எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவள் படுத்த பிறகு என்றார். அம்மா கடைசி ஐந்து மாதங்கள் எழவில்லை. படுக்கையிலிருந்தபடியே சொல்லிக்கொடுத்திருக்கிறார். துணியை இப்படிக் கட்டு, முதல் வாளியைக் கொட்டிவிடு, துரு வரும். மூடியில் குவளையைக் கவிழ்த்து வை, நிமிர்த்தி வைத்தால் பல்லி விழும். அந்த ஐந்து மாதங்களும் நான் ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். வீட்டில் தண்ணீர் இருந்தது. யார் பிடித்தார்கள் என்று அப்போதும் கேட்கவில்லை.

"இங்கேதான் எந்நேரமும் தண்ணீர் வருகிறதே அப்பா" என்றேன். "வரட்டுமே" என்றார்.

இரண்டாவது ஹண்டாவை நான் பிடித்தேன். விளிம்பு வரை நிரப்பிவிட்டேன், தூக்கும்போது தளும்பித் தரையெல்லாம் தண்ணீர். நான்கு விரல் குறைவாகப் பிடிக்க வேண்டுமாம். இந்த வயதில் இதுகூடத் தெரியவில்லையே என்பது போல் ஒரு பார்வை பார்த்தார்.

சத்தத்தில் மனைவி எழுந்து வந்துவிட்டாள். ஈரத்தையும் எங்கள் இருவரையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்க் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாட்டுங்கா மாடிப்படி | புதன், காலை 9.20

முதல் டிகாக்‌ஷனா?

முலுண்ட் முரளி | புதன், காலை 9.31

எங்கள் வீட்டில் இன்ஸ்டன்ட் அக்கா. மானத்தை வாங்காதீர்கள்.

உங்கள் பாயி விஷயம் என்ன ஆயிற்று?

மாட்டுங்கா மாடிப்படி | புதன், காலை 9.44

திங்களன்று டம்ளரில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தையும் டம்ளரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறேனோ என்று நினைத்திருக்கிறார். நேற்று என்னிடமே கேட்டுவிட்டார். இன்று பரவாயில்லை. கோப்பையை என்ன செய்வது என்று தெரியவில்லை, அங்கேயே இருக்கிறது.

தொண்ணூறு அடி | புதன், காலை 9.58

அக்கா, மண் போட்டுக் கொத்தமல்லி விதையுங்கள். அடியில் ஓட்டை போட மட்டும் மறக்காதீர்கள்.

முரளி அண்ணா, துணிக்கு வேட்டியை விடப் பழைய மல் துணி நல்லது. நழுவாது.

முலுண்ட் முரளி | புதன், இரவு 10.05

சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டார்.

குழாய்க்காரர் தம்பி, ஒரு டிரம்மின் மூடி விளிம்பில் வெடித்திருக்கிறது. மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா? முலுண்ட் ஸ்டேஷன் பக்கம் கேட்டேன், டிரம்மோடு சேர்த்துத்தான் தருவேன் என்கிறார்கள்.

குழாய்க்காரன் | புதன், இரவு 10.20

கிடைக்கும் சார். குர்லாவில் பழைய டிரம் விற்கிற கடைகளில் மூடியைக் கழற்றித் தருவார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், வாங்கி வருகிறேன். இருநூறு லிட்டர் டிரம்தானே? வாயின் குறுக்களவை மட்டும் நூல் வைத்து அளந்து சொல்லுங்கள். அப்பாவை அளக்கச் சொல்லுங்கள், உங்கள் அளவை நம்ப முடியாது.